நாற்பதுக்கு மேல் போகாத வீதி

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழேகால் மணிக்கு, கோயமுத்தூர் சத்தி ரோட்டிலிருந்து கிழக்கே பிரிகிற ஸ்பின்னர்ஸ் காலனி நான்காம் வீதியில், லோசனி அடுப்பில் வைத்த பால் பொங்க மறுத்தது. ஒரேயடியாக மறுத்திருந்தால் கேஸ் தீர்ந்துவிட்டதென்று சிலிண்டரை மாற்றியிருப்பாள். இதுவோ, வருகிறேன் வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே வராமலிருக்கிற பிளம்பர் மாதிரி, ஓரத்தில் ஒரு குமிழியை விட்டுவிட்டு, அடுத்த குமிழியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. சரி, அதற்குள் தேங்காயைத் துருவிவிடலாமென்று உட்கார்ந்தால், கை முன்னால் போய்ப் பின்னால் வருவதற்குள் அவளுக்கு இரண்டு தடவை எரிச்சல் வந்து போனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் ரோட்டுப் பக்கமிருந்து ஒழுங்காகப் பறந்து வந்து, வீதி முனையைத் தாண்டியதும் தேன் பாத்திரத்தில் விழுந்தது போல இறக்கையை இழுத்து இழுத்துப் போட்டது. எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. ஆரம்பித்த குரைப்பு முடிவதற்குள் எதற்காகக் குரைக்கிறோமென்று அதற்கே மறந்துபோனது அதன் முகத்தில் தெரிந்தது.

சுவர்க் கடிகாரம் மட்டும் ஊர் நேரத்துக்கே ஓடியது. மனசும் அப்படியே ஓடியது. கையும் காலும் நாக்கும் அடுப்பும் தண்ணீரும்தான் மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியிருந்தன. மனசும் சேர்ந்து இறங்கியிருந்தால் லோசனி இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டாள்.

நடந்தது இதுதான். லோசனியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் இன்ஜின் கட்டுகிறவர். கணபதியில் அவர் பட்டறைக்கு, வண்டியை வேகமாக ஓட்டவேண்டுமென்ற வியாதி பிடித்தவர்கள் எல்லாரும் வருவார்கள். அந்த வியாதி அவருடைய ஒரே மகள் சம்யுக்தாவையே பிடித்திருந்தது. மெக்கானிக்கல் படித்து முடித்து, இரண்டு வருஷம் நடையாய் நடந்து ரேஸ் லைசென்ஸும் வாங்கி, அவளுடைய முதல் பந்தயம் இன்னும் பதினாறு நாளில் ஞாயிற்றுக்கிழமை என்று ஆகியிருந்தது. அதற்காக அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு புது இன்ஜின் கட்டினார்கள். புது இன்ஜினை நேராகப் பந்தயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, முதலில் பழக்க வேண்டும், ஐநூறு கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டிப் பழக்கவேண்டும் என்பது சென்னியப்பனின் சட்டம். அன்று காலை வீதி முனைப் பிள்ளையாருக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, பொட்டு வைத்து, இரண்டு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். 'புது இன்ஜின். பழகும் வரை நாற்பது' என்று தகரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிய பலகையை, எலுமிச்சை மிளகாயோடு வண்டிக்குப் பின்னால் கட்டத்தான் எடுத்து வந்திருந்தார். ரேஸ் வண்டியின் பின்பக்கம் குளவிக் கொடுக்கு மாதிரிக் கூராக இருந்ததால் கட்ட இடமில்லை. கற்பூரம் காட்டி முடிக்கிற வரைக்குமென்று பக்கத்திலிருந்த கம்பத்தில் அதை மாட்டினார். கம்பத்தில் ஏற்கனவே 'நான்காம் வீதி' என்று எழுதியிருந்தது. கற்பூரம் காட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனார், பலகையை மறந்தார்.

நான்காம் வீதி, புது இன்ஜின், பழகும் வரை நாற்பது. மேலிருந்து கீழே படித்தால் அப்படித்தான் வந்தது. வீதியும் அப்படித்தான் படித்து, தன்னையே அந்தப் புது இன்ஜினாக எடுத்துக்கொண்டது.

யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை. மூன்றாம் வீதியில் போர்வெல் போட்டபோது இளநீர் வாசத்தோடு தண்ணீர் வந்ததையும் பார்த்தவர்கள்தான். பலகையைக் கழற்றிவிடலாமே என்று லோசனி முதல் நாளே சொன்னாள். பிள்ளையார் முன்னால் எலுமிச்சை வைத்துக் கட்டியது, ஐநூறு முடியாமல் அவிழ்த்தால் வண்டிக்கு ஆகாது என்றார் சென்னியப்பன். வண்டிக்கு ஆகாது என்றால் ஓட்டுகிற மகளுக்கு ஆகாது என்று அர்த்தம். லோசனி வாயை மூடிக்கொண்டாள். அது மூடுவதற்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் தினமும் காலையில் வண்டியை உருட்டிக்கொண்டு வீதிக்கு வெளியே போய், அன்னூர் பக்கம் முப்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பதுக்கு ஒரு இம்மி கூடாமல், தலையைச் சாய்த்து இன்ஜினைக் காதால் கேட்டபடி ஓட்டிவிட்டு வருவார். வந்ததும் சம்யுக்தா கேட்பாள், எப்படிப்பா இருக்குதென்று. இன்னும் பழகல கண்ணு என்பார்.

ஒரு வாரத்துக்குள் வீதி இரண்டாகப் பிரிந்தது. ஆண்களெல்லாம் காலையில் எட்டரைக்கு வீதியைத் தாண்டி ஊரின் வேகத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மெல்ல உள்ளே நுழைந்து, அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். உட்காருவதே ஒரு சுகமாக, ஒரு முழு நிமிஷத்துக்கு நீண்டது. ஊதுகிற காபி ஆறாது, சாய்கிற நாற்காலி சாய்ந்துகொண்டே இருக்கும், யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. காலனி நலச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து, ரத்தக் கொதிப்புக்காரர், இருபது வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை என்று சொல்லி, இந்த வீதியை இதய நோயாளிகள் வீதி என்று அறிவிக்கக் கோரி ஒரு தீர்மானம் போட்டார். ஆண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். தூக்கிய கை இறங்குகிற வரை கூட்டம் நடந்தது.

அவர்கள் குடித்த காபிக்குப் பால் எத்தனை மணிக்கு அடுப்பில் ஏறியதென்று யாரும் கேட்கவில்லை. குக்கர் ஒரு விசிலுக்கு இருபது நிமிஷம் எடுத்தது. இட்லித் தட்டைத் தூக்கினால் ஆவி ஆடி அசைந்து கிளம்பி, கையைச் சுடலாமா வேண்டாமா என்று பார்த்து, பிறகு நிதானமாகச் சுட்டது, நிதானமாகவே வலித்தது. குழாயிலிருந்து தண்ணீர் குடத்துக்குள் இறங்குவதை நின்று பார்த்தால் வயசாகியது. கடைசி வீட்டு ஹாஜிரா, ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள், மெஷினை மிதித்தால் ஊசி ஒவ்வொரு குத்துக்கும் துணியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்குகிறது என்றாள். கணவன் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள், ஓடியும் நடந்தவர்களாகவே தெரிந்தார்கள்.

லோசனிக்கு இதிலெல்லாம் பெரிய துயரம், சண்டை போட முடியாமல் போனதுதான். அவள் நாக்கு அந்த வீதியிலேயே பேர் பெற்ற நாக்கு. நாச்சிமுத்து வாசலில் நின்று பொம்பளைங்களுக்கும் இது நல்லதுதானுங்களே, டென்ஷன் இல்லை பாருங்க என்றபோது, அவள் மனசில் உடனே நாலு பதில் தயாராகி, அதில் மிகக் கூரானதைப் பொறுக்கி வாயைத் திறந்தாள். வாய் திறந்து, முதல் எழுத்து உருண்டு, இரண்டாம் எழுத்து வந்து, அது ஒரு வாக்கியமாகச் சேருவதற்குள் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தார். அவளுடைய கூரான பதில், கேட்க ஆளில்லாமல், கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விழுந்தது.

ஆகவே சண்டை போட வேண்டியவர்கள் வீதியைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள். வீதி முனையிலிருந்து பத்தடி தள்ளி, நிழற்குடையும் டீக்கடையுமாக இருந்த அந்த இடத்தில் ஊர் வேகம் கிடைத்தது. மாமியாரும் மருமகளும் ஒன்றும் பேசாமல் ஜோடியாக நடந்து வந்து, வேகம் மாறுகிற அந்தக் கோட்டைத் தாண்டியதும் படபடவென்று கொட்டித் தீர்த்துவிட்டு, மறுபடி ஊமையாக உள்ளே போவார்கள். சண்டைக்குப் பிறகு சமையலும் வந்தது. முதலில் ஹாஜிரா தையல் மெஷினைக் கொண்டுவந்து போட்டாள். பிறகு லோசனி ஒற்றை அடுப்பையும் சின்ன சிலிண்டரையும் தூக்கி வந்தாள். இரண்டாவது வாரத்தில் நிழற்குடைக்குப் பின்னால் பதினோரு அடுப்பு எரிந்தது. சங்கம் கூடி, இது வீதி மானத்துக்குக் குறைச்சல் என்று பேசியது. ஆனால் பேசி முடிப்பதற்குள் சாப்பாடு ரெடி என்று கூப்பிட்டதால் எழுந்து போய்விட்டார்கள்.

எல்லாம் ஐநூறு வரைக்கும்தானே என்று லோசனி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நானூற்றிருபதில் கோளாறு வந்தது.

அது புதன்கிழமை. சம்யுக்தா வண்டியை ரோட்டுக்கு எடுத்துப் போய், இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து நின்றாள். வண்டிக்குப் பின்னால் மெல்லிசாக, நீலமாக, ஊதுபத்தி மாதிரி ஒரு புகை வந்தது.

"ரிங் பிடிக்கலம்மா," என்றாள்.

ரிங் என்றால் என்ன, பிடிப்பதென்றால் என்ன என்று லோசனி கேட்டாள். சம்யுக்தா எவர்சில்வர் டம்ளரையும் அதற்குள் நுழைகிற சின்ன டம்ளரையும் எடுத்துக் காட்டினாள். பெரிய டம்ளர் சிலிண்டர். சின்னது பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரிப் போட்டிருப்பது ரிங். ரிங் சுவரை இறுக்கிப் பிடித்தால்தான் சக்தி வெளியே கசியாமல் நிற்கும், ஆயில் உள்ளே ஏறாது.

"பிடிக்கணும்னா சுவத்துல கீறல் இருக்கணும்மா. புதுசாக் கடைஞ்சு வரும்போது குறுக்கும் நெடுக்குமாக் கீறல் போட்டுத்தான் குடுப்பாங்க. முதல் முப்பது கிலோமீட்டர்லயே நல்லா முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கி ஓட்டியிருந்தா ரிங் அந்தக் கீறல்ல உக்காந்திருக்கும். அப்பா தடவித் தடவி ஓட்டிச் சுவத்தைக் கண்ணாடியாக்கிட்டாரு. இனிமேப் பத்தாயிரம் ஓட்டினாலும் வழுக்கத்தான் செய்யும்."

அப்பாவிடம் சொன்னாயா என்றாள் லோசனி. சொல்லியாயிற்று. புகை வருகிறதென்றால் இன்னும் பழகவில்லை என்றுதான் அர்த்தம், ஐநூறு போதாது, ஆயிரமாக ஓட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். ஆயிரமென்றால் இந்தப் பந்தயம் போயிற்று. அடுத்தது தை மாதத்தில். இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டாதவர்களுக்கு அதில் இடமும் கிடையாது. ஆயிரம் என்று கேள்விப்பட்டதும் நாச்சிமுத்து சென்னியப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். பிடித்த பிடியை விட நெடுநேரம் ஆனதாம்.

இன்னும் பழகல. இந்த வார்த்தையை லோசனிக்கு இருபத்து நாலு வருஷமாகத் தெரியும். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், அவள் நடக்கிற வேகத்தையும் சாப்பிடுகிற வேகத்தையும் எடுத்தெறிந்து பதில் சொல்கிற வேகத்தையும் பார்த்து முகம் சுளித்த விருந்தாளிகளிடம், அவள் மாமியார் சிரித்துக்கொண்டே, புதுசுங்க, இன்னும் பழகல என்று சொன்னாள். மூன்றாம் வருஷமும் சொன்னாள். பன்னிரண்டாம் வருஷம், சாகக் கிடந்தபோது, கஞ்சி கொடுத்த கையை நர்ஸிடம் காட்டி அதையே சொன்னாள். அதற்கு முன்னால் கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா, வராந்தாவில் ஓடாதே பத்மலோசனி என்று வருஷம் முழுக்க விசில் ஊதிவிட்டு, விளையாட்டு விழாவன்று மட்டும் அதே விசிலை ஊதி ஓடு என்பார். அவள் ஓடுவாள். கப்பை வாங்கி அலமாரியில் பூட்டிக்கொண்டு, மறுநாள் மறுபடி ஓடாதே. இத்தனை பேர் இத்தனை வருஷம் தடவித் தடவி ஓட்டியும் தன் உள்சுவர் கண்ணாடியாகவில்லையே என்று வெங்காயக் கண்ணோடு அவளுக்கு ஒரு பெருமை வந்தது. அப்புறம், ஆகிவிட்டதோ என்று ஒரு பயமும் வந்தது.

அன்று சாயங்காலம் சென்னியப்பனை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோட்டைத் தாண்டினார்கள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லுங்க. இன்ஜின் பழகலைன்னு ஓட்டறீங்களா, அவ போகக் கூடாதுன்னு ஓட்டறீங்களா?"

சென்னியப்பன், வராத பஸ்ஸைப் பார்ப்பவர் போல ரோட்டைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கட்டிய இன்ஜின் ஒன்று, பழக நேரமில்லாமல் பந்தயத்துக்குப் போய், மூன்றாவது வளைவில் சூடேறி அப்படியே இறுகி நின்றது. ஓட்டியவன் தூக்கி எறியப்பட்டுத் தோள் எலும்பு உடைந்து எட்டு மாதம் படுத்திருந்தான். அன்றிலிருந்து அவர் எந்தப் பந்தயத்தையும் போய்ப் பார்த்ததில்லை.

"அது என்ற கையில கட்டுன இன்ஜின், லோசனி," என்றார். "இவ என்ற புள்ள."

லோசனிக்கு இரக்கம் வந்தது. ஊர் வேகத்தில் வந்ததால் ஊர் வேகத்திலேயே போயும் விட்டது.

"அப்ப போக வேண்டாம்னு வாயைத் தொறந்து சொல்லிப்போடுங்க. எதுக்கு அந்த இன்ஜின் மேல பழியப் போடறீங்க?"

"சொன்னாக் கேப்பாளா?"

"கேக்க மாட்டா."

"அதனாலதான் ஓட்டறேன்," என்றார் சென்னியப்பன், கோட்டைத் தாண்டி உள்ளே போய், அவள் எட்டிப் பிடிக்க முடியாதபடி மெதுவாக நடந்தார். பின்னாலேயே போனால் அவளும் அதே மெதுவில்தான் நடக்க வேண்டும். கல்யாணம் என்பதே இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. எல்லாருக்கும் லீவு. ஆண்களெல்லாம் வீட்டில் இருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் கொழுக்கட்டை வேகவைக்க வெளியே இருந்தார்கள். வேறு வீதியிலிருந்து ஒருத்தர் அந்த வழியாக வந்திருந்தால், பண்டிகைக்குப் பெண்களை வீட்டை விட்டு விரட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார். ஒன்பது மணிக்குச் சென்னியப்பன் தலைக்குக் குளிக்கப் போனார். அந்த வீதியில் தலைக்குக் குளிப்பதென்பது ஒன்றரை மணி நேர வேலை. ஒரு சொம்புத் தண்ணீர் உச்சந்தலையிலிருந்து பாதத்துக்கு வர அவ்வளவு யோசிக்கும். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் அம்மாவும் மகளும் வண்டியைத் தள்ளினார்கள். ஏழு வீடு தாண்டுவதற்குள் லோசனிக்கு, பிரசவ வலியிலிருந்து பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை மகளுக்காகத் தள்ளிய எல்லாமே ஞாபகம் வந்துவிட்டது. கோட்டைத் தாண்டியதும் வண்டி லேசாகியது.

நிழற்குடைக்குக் கீழே ஹாஜிரா பழைய போர்வையை விரித்தாள். சம்யுக்தா திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டாள். மேல் மூடியைத் தூக்கி, சிலிண்டரை இழுத்து எடுத்தபோது, வீதிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீதி நின்றிருந்தது. நாச்சிமுத்து கேட்டில் கை வைத்து, வாயைப் பாதி திறந்து நின்றார். கிளம்பிய காகம் மாமர உயரத்தில் ஆணி அடித்து மாட்டியது போலத் தொங்கியது. திறந்து போட்ட இன்ஜினுக்கு வேகம் என்று ஒன்று ஏது?

"உள்ளே மூச்சு விடறாங்களாக்கா?" என்றாள் ஹாஜிரா.

"விடுவாங்க," என்றாள் லோசனி. "அதையும் மெதுவா விடுவாங்க. நீ அந்த மண்ணெண்ணெயை இப்படித் தள்ளு."

சிலிண்டரைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தாள். அவள் முகமே தெரிந்தது. அவ்வளவு வழவழப்பு. பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது எந்த வருஷத்துக் கோபமென்றும் தெரியவில்லை. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டாள். நேராகத் தேய்க்கக் கூடாதும்மா, சாய்ச்சு ஏறி சாய்ச்சு இறங்கணும், மூங்கில் தட்டிப் பின்னல் மாதிரிக் குறுக்குக் கோடு விழணும் என்றாள் சம்யுக்தா. பாத்திரம் தேய்க்க எனக்குச் சொல்லித் தராதே என்றாள் லோசனி. தேய்த்தாள். அடிப்பிடித்த பால் பாத்திரத்தை, மாமியாரின் வெண்கல உருளியை, விருந்தாளிகள் போனபின் குவிந்த குண்டான்களைத் தேய்த்த கை அது. உருட்டி உருட்டித் தேய்த்தாள், மண்ணெண்ணெயில் அலசித் தேய்த்தாள், ஹாஜிரா கொஞ்ச நேரம் தேய்த்தாள், கொழுக்கட்டையைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டு மற்ற பெண்களும் வரிசையில் வந்து ஆளுக்குப் பத்துத் தடவை தேய்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்ணாடியில் அவர்கள் முகம் மறைந்து, சாம்பல் நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் தெரிந்தது. சம்யுக்தா சோப்பு நீரில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடைத்து, புது ரிங் போட்டு, ஆயிலை மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். இட்லித் தட்டில் ஒரு குழியும் மிச்சமில்லை.

இன்ஜின் சத்தம் எழுந்தது. வீதிக்குள் காகம் ஒரு இறக்கை அடித்தது.

சம்யுக்தா ஐந்து நிமிஷம் சூடாக விட்டு, ஹெல்மெட்டை மாட்டி, சத்தி ரோட்டின் காலியான பக்கம் திரும்பி, முறுக்கினாள்.

வீதி முன்னால் பாய்ந்தது. குளியலறையில் சென்னியப்பனின் தலைக்கு மேல் ஒரு மணி நேரமாகத் தொங்கிய சொம்புத் தண்ணீர் மொத்தமும் ஒரே அடியாக விழுந்தது, அவர் துண்டைச் சுற்றினார், கதவைத் திறந்தார், போர்ட்டிகோவில் வண்டியில்லாததைப் பார்த்தார். சம்யுக்தா முறுக்கை விட்டாள். வண்டி தன் இழுப்பிலேயே தளர்ந்து வந்தது. அவர் தூக்கிய கால் தூக்கியபடி மிதந்தது. மறுபடி முறுக்கினாள், இன்னும் மேலே. அவர் கேட்டைத் தாண்டி ஏழு வீட்டில் நாலு வீட்டைக் கடந்தார். நாச்சிமுத்துவின் பாதி வாய் முழுசாகத் திறந்து, என்னுங்க நடக்குது என்ற வார்த்தை மூன்று தடவை வெளியே கொட்டியது. முறுக்கை விட்டாள், எல்லாரும் தேனில் மிதந்தார்கள். மூன்றாவது தடவை அவள் முறுக்கியபோது நாற்பது, அறுபது, தொண்ணூறு என்று இன்ஜின் ஏறிய கத்தல் காலனி முழுக்கக் கேட்டது. கம்பத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிய கயிறு, யாரும் அவிழ்க்காமல், அதுவாக அறுந்தது. பலகை தரையில் விழுந்தது.

அந்த வேகத்தில் சென்னியப்பன் வீதியிலிருந்து வெளியே எறியப்பட்டவர் போல வந்து நின்றார். ஈரத் துண்டு, ஒரு காதில் சோப்பு நுரை. இவ்வளவு நாள் வாயிலேயே தங்கியிருந்த கத்தல் எல்லாம் அவர் தொண்டையில் வரிசையாக நின்றது. லோசனி எதிரில் நின்றாள். கையெல்லாம் கரி. இந்தச் சண்டைக்காக அவள் பதினாலு நாள் காத்திருந்தாள், இருபத்து நாலு வருஷம் என்றும் சொல்லலாம், மிகக் கூரான பதில்கள் நாலு நாக்கு நுனியில் இருந்தன.

அவர் கத்தவில்லை. தலையைச் சாய்த்து, நுரை இல்லாத காதை ரோட்டுப் பக்கம் திருப்பினார். மகள் தூரத்தில் திரும்பி, முறுக்கி, விட்டு, முறுக்கி வந்தாள். பின்னால் நீலப் புகை இல்லை. அவர் முகத்தில் பயம் இருந்தது, பயத்துக்குள்ளே வேறொன்றும் கேட்டுக்கொண்டிருந்தது.

"பிடிச்சிருச்சு," என்றார்.

"எனக்கும்தானுங்க," என்றாள் லோசனி. பதில் உடனே வந்தது, உடனே போய்ச் சேர்ந்தது. சேர்த்து வைத்திருந்த நாலும் அப்படியே மிச்சமாயின.

ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பனும் போனார். மூன்றாவது வளைவு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் பந்தயம் பார்த்தார். பதினெட்டுப் பேரில் சம்யுக்தா ஆறாவதாக வந்தாள். விழவில்லை. தை மாதத்துப் பந்தயத்துக்குப் பேர் எழுதிக்கொண்டார்கள்.

நாச்சிமுத்து மறுநாளே வந்து, அந்தத் தகரப் பலகை இருக்குதுங்களா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் மாட்டிக் கழட்டிக்கலாமே என்று கேட்டார். குளியலறைக்குப் பின்னால் எலி வளையை அதை வைத்து அடைத்திருப்பதாகவும், எலிகள் இப்போது நாற்பதுக்கு மேல் போவதில்லை என்றும் லோசனி சொன்னாள். அவர் கதவுக்குள் போய்ப் பதுங்குவதற்குள் முழுசாகச் சொல்லி முடித்தாள்.

அவர் போனபின், ஆறாவது இடத்தைப் பற்றி விசாரிக்கப் பட்டறை ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். கூடத்தில் உட்கார வைத்துச் சென்னியப்பன் ஆரம்பித்தார். லோசனி சமையலறையில் பருப்பையும் அரிசியையும் குக்கரில் ஏற்றி மூடி, வெயிட்டைப் போட்டுவிட்டு, கதவில் சாய்ந்து கேட்டாள்.

"எல்லாம் பொறுமைதானுங்க," என்றார் சென்னியப்பன். "அந்த நானூத்தி இருவது கிலோமீட்டரையும் நானு நாப்பதத் தாண்டாம, காதுல கேட்டுக் கேட்டு, இன்னும் பழகல இன்னும் பழகலன்னு விட்டுப்புடிச்சு ஓட்டினனில்லீங்களா, அந்தப் பக்குவந்தான் கடைசில..."

அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்தது.